ஐந்தாவது தேசிக்காய்

ஓய்வுபெற்ற பிறகும் பழைய வேலைத்தலத்தைச் சுற்றிக்கொண்டிருப்பது ஒரு வியாதி. எனக்கும் அது உண்டு. போன மாதம், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் நான் கடைசியாக வேலை செய்த கராஜுக்குத் தேத்தண்ணீர் குடிக்கிற சாட்டில் போயிருந்தேன். அங்கே இப்போது பொறுப்பாக இருப்பவள் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. எங்கேயோ மோதிவிட்டு வந்திருந்த காரில் ஒரு கம்பியைச் செருகி, மடிக்கணினியின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மோதுவதற்கு முந்திய சில விநாடிகள் அதில் அப்படியே இருந்தன. சாரதி எந்த மிதியை மிதித்தார், எவ்வளவு அழுத்தினார், எப்போது காலை எடுத்தார், எல்லாம் கோடுகோடாக இருந்தன.

இதெல்லாம் இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். ஓட்டினவரைக் கேட்போம் என்றேன். "கேட்டால் நம்புவியளா அங்கிள்?" என்றாள் சிரித்துக்கொண்டு. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி குத்தத் தொடங்கியது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் பத்து வருடங்களுக்கு மேல் வேலை செய்தது ஒரு ஜெர்மன் கம்பனியின் கார்களை விற்று, பழுதுபார்க்கும் இடத்தில். கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு அவர்கள் சோறு போட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் பழைய இங்கிலீஷ் கார்கள். கல்யாணத்துக்கும் அதுதான், சாவீட்டுக்கும் அதுதான். அந்த ஜெர்மன் கார் ஒன்றே ஒன்று, ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டரிடம் நின்றது. அதன் கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்பதற்காகவே நாங்கள் மதிலோரம் நின்றிருக்கிறோம். "ஜெர்மன்காரன் செய்தது" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த வாக்குவாதம் அத்தோடு முடிந்தது. அது காராக இருந்தாலும் சரி, தையல் மெசினாக இருந்தாலும் சரி.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாட்டை விட்டு வந்தேன். ஊரில் ஏழு வருடம் கராஜில் வேலை செய்த கை இது. ஆனாலும் ரொறன்ரோவில் முதலில் கிடைத்தது கார் கழுவும் வேலைதான். பனிக்காலம் முழுக்க வீதி உப்பைத் துடைத்தேன். பிறகு எண்ணெய் மாற்றினேன், பின்னேரங்களில் படித்தேன், சோதனை எழுதி மெக்கானிக் லைசன்ஸ் எடுத்தேன். மூன்று வருடம் அப்படிப் போனது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

சொல்ல வேண்டியது எங்கள் மேற்பார்வையாளர் டீட்டரைப் பற்றி. ஐம்பது வயது தாண்டிய ஒல்லியான மனிதர். அயர்ன் செய்த சாம்பல் நிறக் கோட்டு, காதில் பென்சில். அந்தக் கம்பனியின் தொழிற்சாலை இருந்த ஊரில் பிறந்தவர். உலகப் போரில் குண்டு விழுந்து நொறுங்கிய தொழிற்சாலையில் தன் தாயும் மற்றப் பெண்களும் செங்கல் பொறுக்கி அடுக்கியதையும், கூரை இல்லாத கட்டடத்திலிருந்து முதல் கார்கள் வெளியே வந்ததையும் மதிய இடைவேளையில் சொல்வார். அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை, பிடித்துவரப்பட்டவர்கள் என்பதையும் சொல்வார். சொல்லிவிட்டுப் பாண் துண்டைக் கடிப்பார்.

டீட்டருக்குச் சமயம், வேதம் எல்லாமே ஒரு தாள். வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள், அதில் மூன்று பெட்டிகள். முதலாவதில் வாடிக்கையாளர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். இரண்டாவதில் உன் கண் கண்டது. மூன்றாவதில் உன் கை செய்தது. நீ நினைத்ததை எழுத அதில் இடமே கிடையாது. "இருக்கலாம்" என்றொரு சொல்லைக் கண்டாரோ, தாளை நாலாகக் கிழித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு புதிய தாளை நீட்டுவார். திட்ட மாட்டார். திட்டினால் எவ்வளவோ நல்லது என்று எங்களுக்குத் தோன்றும்.

அந்த நாட்களில்தான் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு பேச்சுக் கிளம்பியது. இந்தக் கம்பனியின் ஒட்டோமற்றிக் கார்கள் தாமாகவே பாய்கின்றன, பிரேக்கை மிதித்தாலும் நிற்பதில்லை என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காரில் பிழை இல்லை, ஓட்டுகிறவர்கள் பிரேக் என்று நினைத்து வேகத்தைக் கூட்டும் காஸ் மிதியை மிதிக்கிறார்கள் என்று கம்பனி சொன்னது. பயந்துபோனவர்கள் எங்களிடமும் கார்களைக் கொண்டுவந்தார்கள். மல்லாக்கப் படுத்து ரோச் லைட் அடித்துப் பார்ப்போம். மிதியின் உயரத்தை இரும்பு அடிமட்டத்தால் அளப்போம். காஸ் மிதியின் கேபிளை இழுத்து விட்டு அது திரும்பி வருகிறதா என்று பத்துத் தடவை பார்ப்போம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தரம், சூடானதும் ஒரு தரம். எங்களிடம் வந்த எந்தக் காரிலும் ஒன்றும் அகப்படவில்லை. போகப்போகப் பிழை காலில்தான் என்று நானும் நம்பத் தொடங்கினேன். ஓட்டியது ஒரு பெண் என்றால் அந்த நம்பிக்கை கொஞ்சம் விரைவாக வந்தது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பேர் கெட்டதும் விலை விழுந்தது. எங்கள் ஆட்களும் அந்தக் காரை வாங்கலாம் என்று ஆனது அப்போதுதான். முதலில் வாங்கியவர்களில் ஒருவர் சிவபாதம் அண்ணை. ஸ்காபரோவில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். டொக்டரின் கார்க் கதவுச் சத்தம் அவருக்கும் காதில் இருந்திருக்க வேண்டும். யோசித்து வாங்குங்கள் என்றேன். "யானைக்கும் அடி சறுக்கும் தம்பி. அதுக்காக யானை பூனையாகுமோ?" என்றார்.

கார் உண்மையில் தேவைப்பட்டது அவருடைய மனைவி ரஞ்சி அக்காவுக்கு. பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பஸ் மாறி, பிறகு பனிக்குள் அரை மணித்தியாலம் நடை. எங்கள் வட்டத்தில் முதலில் லைசன்ஸ் எடுத்த பெண் அவதான். முதல் தடவையிலேயே பாஸ். அண்ணை மூன்றாம் தரம்தான் பாஸ் பண்ணினார். அந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

காரை நான்தான் பார்த்து, நல்லது என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். கார்த்திகை விளக்கீடு முடிந்த சனிக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் வைத்துக் கும்பிட்டோம். ஐயருக்கு அன்று வேறு அலுவல். கார் தெரிந்தவன் நீதானே, நீயே செய் என்று தட்டை என்னிடம் தந்துவிட்டார்கள். காற்றில் கற்பூரம் மூன்று தடவை அணைந்தது. முன்பக்க மூடியான பொனற்றில் சந்தனம் வைத்தேன். நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய். தமிழ்நாட்டில் எலுமிச்சை என்பார்கள், நாங்கள் தேசிக்காய் என்போம். அக்கா காரை முன்னுக்கு உருட்ட, நாலும் சளக் சளக்கென்று நசிந்தன. தட்டில் ஐந்தாவது ஒன்று மிஞ்சியது. "உள்ளுக்கும் ஒண்டு இருக்கட்டும்" என்று சொல்லி, ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியோர டாஷ்போர்டில் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. எனக்கு அன்று அரை ஐயர் என்ற நினைப்பு.

தை மாதம் ஒரு காலை, கடுங்குளிர். கார் இரவு முழுக்க வெளியே நின்றிருந்தது. எட்டு மணிக்கு அக்கா வேலைக்குப் போகக் காரைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார். வாசல் வீதியை நோக்கிச் சரிந்தது. கார் நிற்கவில்லை. வீதியைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க விளக்குக் கம்பத்தில் பின்புறமாக மோதியது. அக்காவுக்குக் கை மணிக்கட்டுச் சுளுக்கு மட்டும்தான். ஆனால் அந்தக் கம்பத்தடியில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

காரை முதலில் இழுத்துப் போனவர்களின் வளவில் வெளியே இரண்டு நாள் விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் எங்களிடம் வந்தது. அக்காவும் அண்ணையும் வந்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு நான்தான் முன்னே போனேன்.

"தம்பி, நான் பிரேக்கைத்தான் மிதிச்சனான்," என்றார் அக்கா. "அது கீழ போகேல்லை. கல்லு மாதிரி நிண்டது."

தொலைக்காட்சிக்காரன் சொன்னது சரியாகப் போச்சு, கார் தானாகப் பாய்ந்தது என்று அண்ணை இடையில் விழுந்து சொன்னார். நான் முதலாவது பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதியது இவ்வளவுதான்: கார் தானாகப் பின்னுக்குப் போனது. அக்கா சொன்ன கல்லை நான் எழுதவில்லை. பயந்துபோன மனுசியின் பேச்சு அது, தாளுக்குள் எதற்கு என்று நினைத்தேன்.

இரவு முழுக்கக் கார் எங்கள் சூடான பட்டறைக்குள் நின்றது. அடுத்த நாள் காலை மிதிகளின் அடியைப் பார்க்கும் வேலையை டீட்டர் எனக்குத் தந்தார். மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே விட்டதும் முதலில் வந்தது மணம். புளிப்பும் கசப்புமாக, எங்கள் வீட்டு மணம். ரோச்சைத் திருப்பினேன். பிரேக் மிதிக்குப் பின்னால் கம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு, மண்ணிறமாகி, கொழகொழவென்று ஒரு தேசிக்காய் கிடந்தது. அதன் தோலில் மிதியின் இரும்பு விளிம்பு நேர்கோடாகப் பதிந்திருந்தது. எழும்பிக் கண்ணாடியோரத்தைப் பார்த்தேன். நான் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை.

அதை எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று பயப்படுகிறேன். மற்றவர்கள் பார்த்தால் என்ன இது என்று கேட்பார்கள், சிரிப்பார்கள். யார் வைத்தது என்று டீட்டர் கேட்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரு தேசிக்காய்தானே. இவ்வளவு மெத்தென்ற பழம் ஒரு மிதியைத் தடுக்குமா, ரயருக்குக் கீழே சளக்கென்று போகிற சாமான் அல்லவா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது பெட்டியில், மிதிகளின் கீழே ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

டீட்டர் இரண்டு நாள் அந்தக் காரோடு மல்லுக்கட்டினார். பிரேக் சரி. கேபிள் சரி. எல்லாமே சரி. கடைசியில் என் தாளை எடுத்துப் பார்த்து, கீழே உண்மையாகவே ஒன்றுமில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரில் எந்தப் பழுதும் காணப்படவில்லை என்று கம்பனியின் கடிதம் போனது. அவர்கள் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை, காலைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அதுவரை ஊரெல்லாம் காரைத் திட்டிக்கொண்டு திரிந்த சிவபாதம் அண்ணை கடிதத்தைப் படித்த அன்றே கட்சி மாறிவிட்டார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம், இவவுக்குப் பிரேக் எது காஸ் எது எண்டு தெரியாது, ஜெர்மன்காரனே எழுதிப்போட்டான் என்று சொல்லிச் சிரித்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் பைக்குள் இருந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா பிக்கரிங் வேலையை விட்டுவிட்டார். அந்த வேலையை அவர் விரும்பிச் செய்தவர். அங்கே படுக்கையில் கிடந்த வெள்ளைக்காரக் கிழவிகளின் பெயர்களெல்லாம் எங்களுக்குக்கூடத் தெரியும், அவ்வளவு கதை சொல்வார். இப்போது கதையில்லை. தேத்தண்ணீரை வைத்துவிட்டு, அண்ணைக்குக் கேளாதபடி மெதுவாகச் சொன்னார்.

"ஒருவேளை நான்தான் மாறி மிதிச்சனோ தெரியேல்லை, தம்பி. காலுக்கு ஞாபகம் இருக்கு. ஆனா ஆரும் நம்பாட்டி எனக்கே சந்தேகமாக் கிடக்கு. அந்தப் பிள்ளையள் நிண்டிருந்தா?"

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வாரமே எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. குளிர்பெட்டியில் இடமில்லை என்று மனைவி மரக்கறிப் பைகளைப் பல்கனியில் வைத்திருந்தார். காலையில் எடுக்கப் போனேன். பை கிழிந்து தேசிக்காய்கள் குசினித் தரையில் விழுந்தன. டக், டக் என்று விழுந்து சுவர்வரை உருண்டன. ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தேன். நகம்கூட இறங்கவில்லை. முப்பது வருடம் தேசிக்காயோடு பழகினவன் நான், அது உறைந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அது உறையாது. கல்லு மாதிரி நிண்டது என்று அக்கா சொன்னபோது, உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறார்.

அன்று காலையே டீட்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் தேசிக்காய், ஏன் ஐந்து, யார் வைத்தது, யார் எடுத்தது, எல்லாம். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கம்பனிக்காக நீ இதை மறைத்திருந்தால் உன்னைத் திட்டவாவது ஒரு வழி இருக்கும், நீ உனக்காக மறைத்திருக்கிறாய் என்றார். கோப்பிலிருந்து என் பழைய தாளை எடுத்து என் முன்னால் போட்டார்.

"எங்கள் கம்பனியின் பெயரில், போர்க்காலத்தில் எழுதாமல் விட்ட பக்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. என் கையெழுத்தோடு இன்னொன்று வேண்டாம்."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது ஆறு தேசிக்காய்கள். வாங்கிவந்தேன். மூன்றைப் பட்டறைக்குள் வைத்தார், மூன்றை ஒரு தகரத் தட்டில் வெளியே வைத்தார். பின்பக்க வேலை முடியாததால் கார் இன்னும் எங்களிடமே நின்றது. மறுநாள் காலை அதை வெளியே எடுத்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டோம். நான் தரையில் படுத்துக்கொண்டு, பழம் கிடந்த இடத்தில் ஒவ்வொன்றாக வைக்க, அவர் மிதித்தார். சூட்டில் இருந்தவை மூன்றும் சளக்கென்று போயின. மிதி முழுக்க இறங்கியது. குளிரில் இருந்த முதலாவதை வைத்தேன். மிதி பாதிக்குக்கூட வரவில்லை. அவர் இரண்டு காலாலும் ஏறி நின்று அழுத்தியும் அசையவில்லை. அடிமட்டத்தை வைத்து அளந்து எழுதினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைக்கப் போகும்போது, இதை நீ மிதி என்று இறங்கி வந்துவிட்டார்.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். என்ஜின் குளிரில் உறுமிக்கொண்டிருந்தது. காலடியில் கல். இன்னும் அழுத்தினேன், கல். பின்னால் சரிவும் பனியும் வீதியும் இருந்தால் எப்படியிருக்கும் என்று என் உள்ளங்காலுக்கு விளங்கியது. கண் கலங்கிவிட்டது. டீட்டர் பார்க்காத மாதிரிப் பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். அதன் தோலில் அதே நேர்கோடு இருந்தது.

புதிய தாளைத் தந்தார். முதலாவது பெட்டியில், அந்தப் பெண்மணி சொன்னதை அவர் சொற்களிலேயே எழுது என்றார். எழுதினேன். இரண்டாவதில் பழத்தை எழுதினேன், அதை வைத்தவன், எடுத்தவன், மறைத்தவன் நான் என்பதையும் எழுதினேன். அடுத்த ஆறு மாதம் என் ஒவ்வொரு தாளையும் அவர் மறுபடி சரிபார்த்தார், எண்ணெய் மாற்றிய தாளைக்கூட. மற்றவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. கம்பனிக்குத் தாளின் பிரதி போனது. அங்கே அதை யார் படித்தார்கள் என்று தெரியாது. அந்தக் கார்களின் பெயர் மெல்ல மெல்லப் பழையபடி எழும்பியது, அதற்கு என் தாள் காரணமில்லை.

எனக்கு வேறொரு வேலை மிச்சம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தாளின் இன்னொரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். சிவபாதம் அண்ணை முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றார். உட்காராமல், வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். நான் வைத்ததைச் சொன்னேன், எடுத்ததைச் சொன்னேன், ஏழு வாரம் வாய் திறக்காமல் இருந்ததைச் சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நான் பிரேக்கைத்தான் மிதிச்சனான்," என்றார்.

"ஓம் அக்கா."

கையைக் கழுவித் துடைத்தார். முன்னறைக்குப் போய்த் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அக்கா ஒரு கதிரையை இழுத்து, அவருக்கு நேரெதிரே போட்டார்.

"இருங்கோ தம்பி. இப்ப எனக்குச் சொன்னதை இவருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. கல்லு மாதிரி நிண்டது எண்டு நான் சொன்னதையும் விடாமச் சொல்லுங்கோ."

உட்கார்ந்தேன். இந்த முறை அந்தக் கல்லிலிருந்தே தொடங்கினேன்.